மாற்றிக்கொள்ளும் மின்கலம்

பதினாறாம் நூற்றாண்டில் தில்லியை ஆண்ட ஷெர்ஷா சூர், நெடுஞ்சாலைகளின் ஓரத்தில் சராய் என்னும் சத்திரங்களை அமைத்தார். செய்தி கொண்டு செல்வோருக்கெனக் குதிரைகள் அங்கே ஆயத்தமாக நிறுத்தப்பட்டிருந்தன. களைத்த குதிரையை விட்டுவிட்டு, இளைப்பாறிய குதிரையில் ஏறித் தூதர் பயணத்தைத் தொடர்வார். குதிரைக்கு ஓய்வு வேண்டும், செய்தியோ காத்திராது. இன்று அதே தில்லியில் மின்ரிக்‌ஷா ஓட்டுநர்கள் பலர் செய்வதும் ஏறத்தாழ இதுவே. குதிரைக்குப் பதிலாக அவர்கள் மாற்றுவது மின்கலத்தை.

மெட்ரோ நிலைய வாயில்களில் வரிசையாக நிற்கும் மின்ரிக்‌ஷாக்களில் பெரும்பாலானவை ஈய அமில மின்கலங்களைக் கொண்டே ஓடத் தொடங்கின. இருக்கையின் அடியில் பொதுவாக நான்கு மின்கலங்கள் இருக்கும். அவற்றின் மொத்த எடை நூறு கிலோவை எட்டும். முழுமையாக மின்னேற்ற எட்டு முதல் பத்து மணி நேரம் ஆகும். இரவு முழுவதும் மின்னேற்றிய வண்டி பிற்பகலில் தளர்ந்துவிட்டால், அன்றைய வருவாய் அத்துடன் நின்றுவிடும். அலுவலகம் விட்டுத் திரும்புவோர் கூட்டம் கூடும் மாலை வேளையில் ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்ட நேரும். மேலும், நாள்தோறும் கடுமையாக உழைக்கும் இம்மின்கலங்கள் ஓராண்டு அளவில் தேய்ந்துவிடுகின்றன. புதியவை வாங்கக் கடன் பெற வேண்டும். அக்கடன் தீர்வதற்குள் அடுத்த தேய்மானம் வந்து நிற்கும்.

மின்கல மாற்று நிலையம் இச்சிக்கலை வேறு வழியில் அணுகுகிறது. அங்குள்ள இரும்புப் பேழையின் அறைகளில் லித்தியம் அயனி மின்கலங்கள் மின்னேறிக்கொண்டிருக்கும். அவை ஒருவரே கையால் தூக்கக்கூடிய எடை உடையவை. ஓட்டுநர் தீர்ந்த மின்கலத்தைக் கழற்றி வைத்து, நிறைந்ததைப் பொருத்திக்கொண்டு, கைப்பேசி வழியே கட்டணம் செலுத்திவிட்டுப் புறப்படுகிறார். சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். பல இடங்களில் சிறு கடைக்காரர்களே இந்நிலையங்களை நடத்துகின்றனர்.

சமையல் எரிவாயு உருளையை நினைத்தால் இம்முறையின் பொருளாதாரம் எளிதில் விளங்கும். உருளை வீட்டாருக்குச் சொந்தமன்று. அவர்கள் முன்பணம் கட்டி, உள்ளிருக்கும் வாயுவுக்கு மட்டும் விலை தருகின்றனர். மின்கலமும் அவ்வாறே நிறுவனத்தின் உடைமையாக இருக்கிறது. மின்வண்டியின் விலையில் பெரும்பங்கு மின்கலத்தின் விலையே ஆதலால், அது நீங்கினால் வண்டி மலிவாகும்; தேய்மானச் சுமையும் ஓட்டுநரின் தோளிலிருந்து இறங்கும். மின்கலமின்றி மின்வண்டிகளை விற்கவும் பதிவு செய்யவும் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2020 ஆகஸ்டில் இசைவளித்ததன் சிறப்பு இதுவே.

இது முற்றிலும் புதிய எண்ணமன்று. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகர மின் நிறுவனம் 1910 முதல் 1924 வரை மின்சுமையுந்துகளுக்கு இத்தகைய சேவையை நடத்தியது. உரிமையாளர் மின்கலமின்றி வண்டியை வாங்கி, ஓடிய மைல் கணக்கில் கட்டணம் செலுத்தினார். அவ்வண்டிகள் மொத்தத்தில் 60 லட்சம் மைல்களுக்கு மேல் ஓடின.

ஆனால் நூறாண்டுக்குப் பின் வந்த ஒரு பெருமுயற்சி தோற்றது. ஷாய் அகாசி 2007இல் தொடங்கிய ‘பெட்டர் பிளேஸ்’ நிறுவனம் இஸ்ரேலிலும் டென்மார்க்கிலும் கார்களுக்கான மாற்று நிலையங்களைக் கட்டியது. காரின் அடியிலிருந்து கனமான மின்கலத்தை இயந்திரமே கழற்றிப் பொருத்த வேண்டியிருந்ததால் ஒவ்வொரு நிலையத்துக்கும் பெருஞ்செலவு ஆயிற்று. அதற்கேற்ப வடிவமைத்த கார் ரெனோ நிறுவனத்தின் ஒரே வகைதான். பிற நிறுவனங்கள் சேரவில்லை. வாங்குவோரும் மிகக் குறைவு. 2013 மே மாதம் அந்நிறுவனம் நொடித்துப்போயிற்று. தைவானில் ‘கொகோரோ’ நிறுவனம் 2015இல் ஸ்கூட்டர்களைக் கொண்டு தொடங்கிய முயற்சியோ வேரூன்றியது. வண்டி சிறியது, மின்கலம் கைக்கு அடங்கியது, நகரமோ ஸ்கூட்டர்களால் நிறைந்தது. கார்களை விட்டு இருசக்கர, முச்சக்கர வண்டிகளை இந்திய நிறுவனங்கள் முதலில் நாடியது சரியான தேர்வே. ‘ரேவா’ மின்காரை உருவாக்கிய சேத்தன் மைனி, 2017இல் ‘சன் மொபிலிட்டி’யைத் தொடங்கியவர்களுள் ஒருவராகி இத்துறைக்கு வந்தார்.

இனி, தீராத வழக்கு ஒன்று உண்டு. ஒரு நிறுவனத்தின் மின்கலம் மற்றொரு நிறுவனத்தின் வண்டியில் பொருந்துமா? 2022 பிப்ரவரி நிதிநிலை அறிக்கையில் மின்கல மாற்றுக் கொள்கை அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் நிதி ஆயோக் வரைவை வெளியிட்டது. 40 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள பெருநகரங்களுக்கு முதற்கட்டத்தில் முன்னுரிமை, ஒவ்வொரு மின்கலத்துக்கும் தனி அடையாள எண் ஆகியவை அதில் இடம்பெற்றன. வண்டியோடு விற்கும் மின்கலத்துக்கு 5 விழுக்காடும், தனியே விற்கும் மின்கலத்துக்கு 18 விழுக்காடும் சரக்கு சேவை வரி விதிக்கப்படும் முரணையும் அவ்வரைவு சுட்டிக்காட்டியது. ஒரே அளவு, ஒரே இணைப்பு என்று வகுப்பதை உற்பத்தியாளர் பலர் விரும்பவில்லை. மின்கலத்தின் வடிவமே தங்கள் வண்டியின் தனித்தன்மை என்பதும், பிறரது மின்கலத்தால் தீப்பற்றினால் யார் பொறுப்பு என்பதும் அவர்களின் வாதம். இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

ஆயினும் ஓட்டுநரின் இடத்திலிருந்து பார்த்தால் கணக்கு வேறு. ஒரு நிறுவனத்தோடு சேர்ந்தவர் அதன் நிலையங்களையே நாட வேண்டும். கட்டணம் உயர்ந்தாலும் வேறிடம் செல்ல இயலாது. எதிர்த்தெருவில் மற்றொரு நிறுவனத்தின் பேழையில் நிறைந்த மின்கலங்கள் இருந்தும், தன் நிறுவனத்தின் நிலையத்தைத் தேடி, எஞ்சிய மின்னாற்றலை எண்ணியபடியே அவர் இரண்டு கிலோமீட்டர் வெற்று வண்டியை ஓட்டிச் செல்கிறார்.