மருத்துவமனைத் தொற்றுப் பரவலைக் கட்டுப்படுத்துவதில் மரபணுத்தொகையியல்

ஓர் உயிரியின் டி.என்.ஏ. முழுவதையும் எழுத்து எழுத்தாகப் படித்து ஆராயும் துறை மரபணுத்தொகையியல் எனப்படுகிறது. மருந்துகளுக்கு அடங்காத பாக்டீரியா ஒரு மருத்துவமனைக்குள் பரவும்போது, அது யாரிடமிருந்து யாருக்குச் சென்றது, எந்த வழியாகச் சென்றது என்பதைக் கண்டறிய இத்துறை இன்று பயன்படுகிறது. பரவும் வழி தெரிந்தால்தான் அதை அடைக்க முடியும் என்பதால், தொற்றுக் கட்டுப்பாட்டில் இது முக்கிய இடம் பெற்றுள்ளது.

பின்னணி

நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளுக்குக் கட்டுப்படாத பாக்டீரியத் தொற்றுகளே நேரடிக் காரணமாக 2019ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. இத்தகைய பாக்டீரியாக்கள் எளிதில் பரவும் இடங்களில் ஒன்று மருத்துவமனை. அங்கு எதிர்ப்பாற்றல் குறைந்த நோயாளிகள் அருகருகே படுத்திருக்கிறார்கள். செயற்கைச் சுவாசக் கருவி, சிறுநீர்க்குழாய், நரம்பு வழி ஏற்றும் குழாய் ஆகியவை கிருமி உடலுக்குள் நுழைய வழி தருகின்றன. மருந்துகளின் மிகுந்த பயன்பாடு, எதிர்ப்புத் திறன் கொண்ட கிருமிகளை மட்டும் பிழைக்க விடுகிறது.

இவற்றுள் கிளெப்சியெல்லா நிமோனியே என்னும் பாக்டீரியா குறிப்பிடத்தக்கது. இது ஒருவரின் குடலில் எந்த அறிகுறியும் இன்றி நெடுநாள் தங்கியிருக்கக்கூடும். அவ்வாறு கிருமியைச் சுமப்பவர் நோயாளியாகத் தெரியமாட்டார். ஆனால் அவரிடமிருந்து பிறருக்கு அது பரவும். கடைசி நிலை மருந்துகளாகக் கருதப்படும் கார்பாபெனெம் வகை மருந்துகளையும் செயலிழக்கச் செய்யும் நொதிகளை இதன் சில வகைகள் உற்பத்தி செய்கின்றன.

செயல்படும் முறை

பாக்டீரியா பெருகும்போது அதன் டி.என்.ஏ. படியெடுக்கப்படுகிறது. அப்போது எப்போதாவது ஓர் எழுத்து பிழையாகப் படியெடுக்கப்படும். அந்தப் பிழை அடுத்தடுத்த தலைமுறைகளுக்கும் செல்லும். கையால் எழுதப்பட்ட ஏட்டைப் பலர் படியெடுக்கும்போது ஒருவர் செய்த பிழை அவர் ஏட்டைப் பார்த்து எழுதியவர்களிடமும் தொடர்வது போன்றது இது. எந்த ஏட்டில் எந்தப் பிழை உள்ளது என்று பார்த்து, எது எதிலிருந்து வந்தது எனப் பதிப்பாசிரியர்கள் கண்டறிவார்கள். அதே தருக்கமே இங்கும் பின்பற்றப்படுகிறது.

நோயாளிகளிடமிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும் எடுக்கப்பட்ட மாதிரிகளில் உள்ள பாக்டீரியா ஆய்வகத்தில் வளர்க்கப்படுகிறது. பின்னர் அதன் டி.என்.ஏ. பிரிக்கப்பட்டு, வரிசைமுறைக் கருவியால் படிக்கப்படுகிறது. கணினி அவ்வரிசைகளை ஒப்பிட்டு, வேறுபடும் இடங்களைப் பட்டியலிடுகிறது. வேறுபாடு மிகக் குறைவாக இருந்தால் இரு கிருமிகளும் அண்மையில் ஒரே மூலத்திலிருந்து வந்தவை. நூற்றுக்கணக்கில் இருந்தால் பெரும்பாலும் தொடர்பற்றவை.

இதற்கு முன் வழக்கில் இருந்த முறைகள் டி.என்.ஏ.வைச் சில துண்டுகளாக வெட்டி அவற்றின் அமைப்பை ஒப்பிட்டன, அல்லது ஏழு மரபணுக்களை மட்டும் பார்த்தன. ஒரு நாடு முழுவதும் ஒரே வகை பரவியிருக்கும்போது இம்முறைகள் பயன் தரவில்லை. எல்லா மாதிரிகளும் ஒன்று போலவே தெரிந்தன.

அமெரிக்க நிகழ்வு, 2011

இத்துறையின் ஆற்றலைப் பரவலாக உணர்த்திய நிகழ்வு, அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் மருத்துவ மையத்தில் நடந்தது. மேரிலாந்து மாநிலத்தின் பெதஸ்டா நகரில் உள்ள இம்மையத்துக்கு 2011 ஜூன் மாதம் நியூயார்க்கிலிருந்து ஒரு நோயாளி மாற்றப்பட்டார். அவர் கார்பாபெனெம் எதிர்ப்புக் கிளெப்சியெல்லாவைச் சுமப்பது முன்பே தெரிந்திருந்ததால் தனிமைப்படுத்தப்பட்டார். ஜூலை நடுவில் அவர் வீடு திரும்பினார். பரவல் எதுவும் நடக்கவில்லை என்றே அப்போது கருதப்பட்டது.

மூன்று வாரங்களுக்குப் பிறகு, ஆகஸ்ட் தொடக்கத்தில், மற்றொரு நோயாளியிடம் அதே வகைக் கிருமி கண்டறியப்பட்டது. அதன்பின் தொடர்ந்து புதிய நோயாளிகள் கண்டறியப்பட்டனர். மொத்தம் 18 பேருக்குக் கிருமி பரவியது. அவர்களுள் 11 பேர் இறந்தனர். அவற்றில் 6 இறப்புகளுக்கு இத்தொற்றே காரணமெனக் கணிக்கப்பட்டது. பரவலின்போது கொலிஸ்டின் என்னும் மருந்துக்கும் சில கிருமிகள் எதிர்ப்புப் பெற்றன.

முதல் நோயாளியின் கிருமியே பரவியதா, வெளியிலிருந்து வேறொன்று வந்ததா என்பது விடை தெரிய வேண்டிய கேள்வி. ஈவன் சினிட்கின், ஜூலி செக்ரே, தாரா பால்மோர் உள்ளிட்டோர் கிருமிகளின் முழு மரபணுத்தொகையையும் படித்தனர். ஏறத்தாழ 60 லட்சம் எழுத்துகளில் வேறுபட்ட இடங்கள் 41 மட்டுமே. எனவே எல்லாம் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்பது உறுதியானது. முதல் நோயாளியின் உடலிலேயே வெவ்வேறு பகுதிகளில் இருந்த கிருமிகளுக்கிடையே சிறு வேறுபாடுகள் இருந்தன. அவற்றைக் கொண்டு, அவரிடமிருந்து கிருமி மூன்று தனித்தனி முறை பிறருக்குச் சென்றது என்று கண்டறியப்பட்டது.

நோயாளிகளிடம் கிருமி கண்டறியப்பட்ட வரிசையும் அது பரவிய வரிசையும் ஒன்றாக இல்லை. அறிகுறியற்றவர்கள் நடுவில் இருந்து அதைக் கடத்தியிருந்தனர். தூய்மை செய்யப்பட்ட ஒரு சுவாசக் கருவியிலும், கைகழுவும் தொட்டிகளின் வடிகால்களிலும் கிருமி இருந்தது. அதனால் எல்லா நோயாளிகளும் தொடர்ந்து பரிசோதிக்கப்பட்டனர். கிருமி உள்ளவர்கள் தனிப் பகுதிக்கு மாற்றப்பட்டு, அவர்களுக்கெனத் தனிப் பணியாளர்கள் அமர்த்தப்பட்டனர். ஊழியர்கள் கைகழுவுவதைக் கண்காணிக்க ஆட்கள் நியமிக்கப்பட்டனர். அறைகள் ஹைட்ரஜன் பெராக்சைடு ஆவியால் தூய்மை செய்யப்பட்டன. ஆண்டின் இறுதியில் பரவல் அடங்கியது. ஆய்வு முடிவுகள் 2012இல் வெளியாயின.

கேம்பிரிட்ஜ் நிகழ்வு

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உள்ள ரோசி மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் பிரிவில், ஆறு மாதங்களில் 12 குழந்தைகளிடம் மெதிசிலின் எதிர்ப்பு ஸ்டெபிலோகாக்கஸ் பாக்டீரியா காணப்பட்டது. இவை ஒரே பரவலைச் சேர்ந்தவையா என்பதை வழக்கமான முறைகளால் உறுதி செய்ய முடியவில்லை. மரபணுத்தொகை ஆய்வு இவற்றை இணைத்ததோடு, தாய்மார்கள் உள்பட மொத்தம் 26 பேர் இப்பரவலில் தொடர்புடையவர்கள் எனக் காட்டியது.

பிரிவு முழுவதும் தூய்மை செய்யப்பட்டு, 64 நாள்கள் புதிய தொற்று எதுவும் இல்லாதிருந்த பின் மீண்டும் ஒரு குழந்தையிடம் அதே கிருமி தென்பட்டது. இடைப்பட்ட காலத்தில் யாரோ ஒருவர் அதைச் சுமந்திருக்க வேண்டும் என்று கருதி, 154 ஊழியர்கள் பரிசோதிக்கப்பட்டனர். ஒருவரிடம் கிருமி இருந்தது. அவருக்குச் சிகிச்சை அளித்துக் கிருமி நீக்கப்பட்டதும் பரவல் நின்றது. கிருமியைத் தன்னையறியாமல் சுமப்பது குற்றமன்று. இவ்வாறு கண்டறியப்படுபவரின் அடையாளத்தைக் காப்பதும், அவரைப் பழிக்காதிருப்பதும் அவசியம். பழிக்கு அஞ்சினால் ஊழியர்கள் பரிசோதனைக்கே முன்வரமாட்டார்கள்.

வரம்புகள்

எதிர்ப்பு மரபணு எப்போதும் பாக்டீரியாவின் முதன்மை டி.என்.ஏ.வில் இருப்பதில்லை. பிளாஸ்மிட் எனப்படும் சிறு வளையத்தில் இருந்தால், அது ஓர் இனத்திலிருந்து வேறோர் இனத்துக்குத் தாவும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமியும் பிறரும் 2010இல் வெளியிட்ட ஆய்வு, என்.டி.எம்-1 என்னும் எதிர்ப்பு மரபணு சென்னை, அரியானா, இங்கிலாந்து முதலிய இடங்களில் பரவியிருப்பதைக் காட்டியது. அம்மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட்டுகளிலேயே இருந்தது. இத்தகைய சூழலில் கிருமியை மட்டும் தொடர்ந்தால் போதாது. பிளாஸ்மிட்டையும் தொடர வேண்டும். டி.என்.ஏ.வைச் சிறு துண்டுகளாகப் படிக்கும் கருவிகளால் பிளாஸ்மிட்டின் முழு வடிவத்தை அறிவது கடினம். நீண்ட துண்டுகளாகப் படிக்கும் கருவிகள் இதற்கு உதவுகின்றன.

மாதிரி எடுக்கப்படாதவர் மரபணு மரத்தில் இடம்பெறமாட்டார். எந்த நோயாளி எந்த நாளில் எந்தப் படுக்கையில் இருந்தார் என்ற பதிவு இல்லையெனில், மரபணு வேறுபாடுகளைக் கொண்டு மட்டும் பரவிய வழியைச் சொல்ல இயலாது. முடிவு வாரக்கணக்கில் தாமதமானால் பரவலைத் தடுக்க அது உதவாது. கருவி, பயிற்சி பெற்ற ஊழியர், கணினி வசதி ஆகியவை எல்லா மருத்துவமனைகளிலும் இல்லை.

மரபணுத்தொகையியல் கிருமியைக் கொல்வதில்லை. எந்த வடிகாலை மாற்றுவது, எந்தக் கருவியை மீண்டும் தூய்மை செய்வது, யாரைத் தனி அறைக்கு மாற்றுவது என்பதை அது சுட்டுகிறது. அதன் பின் பரவலை நிறுத்துவது கைகழுவுதல், தூய்மை, தனிமைப்படுத்தல், மருந்துகளின் அளவான பயன்பாடு ஆகிய பழைய வழிகளே.