கொசு ஒழிப்பில் பயன் தருவன எவை?

மழைக்காலம் தொடங்கியதும் ஊராட்சி மன்றக் கூட்டங்களில் தவறாது எழும் கோரிக்கை, "புகை மருந்து அடிக்க வேண்டும்" என்பதாகும். நம் ஒன்றியத்தைச் சேர்ந்த ஒரு சிற்றூரில் டெங்குக் காய்ச்சல் கண்டபோதும் இக்கோரிக்கையே எழுந்தது. புகை அடித்தோம். எனினும் பத்து நாட்களில் கொசு மீண்டும் பெருகிற்று. காரணம் அறிய வீடுவீடாகச் சென்றபோது, தண்ணீர்த் தொட்டிகளிலும் கொல்லையில் கிடந்த பழைய டயர்களிலும் கொசுப்புழுக்கள் நெளியக் கண்டோம்.

இதில் வியப்பேதும் இல்லை. புகை, பறக்கும் கொசுவையே கொல்லும். நீரில் வாழும் புழுவைத் தீண்டாது. நம் நாட்டு வெப்பத்தில், முட்டை கொசுவாக மாற ஏழு முதல் பத்து நாட்களே போதும். நோய் பரவும் வேளையில் புகை ஓரளவு துணை செய்யும்; அதுவே முழு மருந்தாகாது.

கடைகளில் விற்கும் சாதனங்களையும் சிறிது ஆராய்வோம். செவிக்குக் கேளாத ஒலியால் கொசுவை ஓட்டுவதாகக் கூறப்படும் மின்கருவி பயனற்றது. பத்து கள ஆய்வுகளை அறிஞர்கள் ஒருங்கே பரிசீலித்து 2007-ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவின்படி, அக்கருவியால் மனிதர் மேல் வந்தமரும் கொசுக்கள் குறையவில்லை. நீல விளக்குப் பொறியில் விழுபவை பெரும்பாலும் வேறு பூச்சிகளே. கொசு நாடி வருவது நம் மூச்சுக் காற்றையும் உடல் மணத்தையுமேயன்றி விளக்கை அன்று. கொசுவர்த்திச் சுருள் கொசுவை ஓரளவு விலக்கும். ஆயின் மூடிய அறையில் அதன் புகை நுரையீரலுக்குத் தீங்கு. மருந்து தோய்த்த கொசுவலை மலேரியாவைத் தடுப்பதில் உறுதியான பயன் கண்ட சாதனம். டெங்குவைப் பரப்பும் கொசு பகலில் கடிப்பதால், குழந்தைகளும் காய்ச்சல் கண்டவர்களும் பகலிலும் வலைக்குள் உறங்குதல் நலம்.

மருந்தை மட்டும் நம்புதல் தகாது என்பதற்கு நம் நாட்டு வரலாறே சான்று. 1953-ஆம் ஆண்டில் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கி, வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. தெளிக்கப்பட்டது. ஆண்டுக்குச் சுமார் ஏழரைக் கோடியாக இருந்த மலேரியா, 1965-இல் ஒரு லட்சமளவுக்குக் குறைந்தது. ஆனால் 1976-இல் மீண்டும் 64 லட்சமாயிற்று. கொசுக்கள் மருந்தைத் தாங்கும் வன்மை பெற்றதும், பணியில் தளர்ச்சி நேர்ந்ததும் இதன் காரணங்களுள் முக்கியமானவை.

ஆகவே செய்ய வேண்டுவது யாது? டெங்குக் கொசு நெடுந்தொலைவு பறப்பதன்று. நம்மைக் கடிப்பது நம் வீட்டிலோ அண்டை வீட்டிலோ பிறந்ததே. வாரம் ஒரு நாளைக் குறித்து, ஊர் முழுவதும் தொட்டிகளையும் குடங்களையும் காலி செய்ய வேண்டும். அதன் முட்டை, நீர் வற்றினும் பல மாதம் உயிர்த்திருக்கும். ஆதலின் உட்புறத்தை நன்கு தேய்த்துக் கழுவுதல் அவசியம். பிறகு துணியால் மூடிக் கட்டலாம். தேங்காய்ச் சிரட்டை, உடைந்த பானை, டயர் முதலியவற்றை அகற்ற வேண்டும். மேல்நிலைத் தொட்டிக்கு மூடி, சாக்கடைக்குத் தடையற்ற ஓட்டம் ஆகியவை ஊராட்சியின் பொறுப்பு.

முற்கூறிய சிற்றூரில் பின்னர் இம்முறையே கையாளப்பட்டது. இரண்டாம் மாதத்தில் புழுக் கண்ட வீடுகள் மிகச் சிலவே. அதற்கு வேண்டியிருந்தவை தேய்க்கும் நாரும் வாரந்தோறும் ஒரு மணி நேர உழைப்புமே. அடுத்த கூட்டத்தில் புகைக்குத் தீர்மானம் எழுதுமுன், உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் வீட்டுத் தொட்டியை ஒருமுறை எட்டிப் பார்த்து வருவாராக.