இதுவும் ஒரு சர்வேதான்!
(மூன்றாம் ஆண்டு, சிவில் பிரிவு)

‘சர்வே’ என்று சொன்னதும் சிவில் பிரிவுக்காரர்களான எங்களுக்குத் தியோடலைட்டும், செயினும், வெயிலில் ஸ்டாஃப் பிடித்து நிற்கும் நண்பனும்தான் ஞாபகத்துக்கு வரும். நிலத்தை அளக்க இவை போதும். அந்த நிலத்தில் வாழும் மனிதர்களை அறிவது எப்படி? அவர்களுடைய உறவுமுறை, தொழில், வழக்கம், கோயில் மரியாதை இவற்றையெல்லாம் ஆராய்வதற்கென்றே ஒரு படிப்பு உண்டு. அதுதான் சமூக மானிடவியல். இதில் கருவியே மனிதன்தான். அவன் கண்ணும் காதும்தான் தியோடலைட்! அவர்கள் தகவல் திரட்டும் முறைகளில் நான்கைப் பார்ப்போம்.

1. கேள்வித்தாள்

நமக்கெல்லாம் தெரிந்த முறை இது. குறைந்த நாளில் நிறைய வீடுகளைப் பார்த்து, எண்ணிக்கை சொல்லிவிடலாம். ஆனால் கேள்வி சரியில்லை என்றால் பதிலும் சரியாக இருக்காது.

எங்கள் வீட்டுக்கு ஒருமுறை கணக்கெடுக்க வந்தவர், “நீங்க என்ன வேலை பாக்குறீங்கம்மா?” என்று கேட்டார். “நான் சும்மா வீட்லதான் இருக்கேன் சார்” என்று அம்மா சொன்னது. அவரும் ‘வேலை இல்லை’ என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். நடவு, களை எடுப்பு, நாலு ஆடு, ஒரு கறவை மாடு எல்லாம் அம்மாவின் பொறுப்புதான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். எனக்கு முதல் வருஷ ஃபீஸ் கட்டியது அந்த ஆடு விற்ற காசு. அம்மா பொய் சொல்லவில்லை. எங்கள் ஊரில் மாதச் சம்பளம் வந்தால்தான் அது ‘வேலை’. ஒரே சொல், கேட்டவருக்கு ஓர் அர்த்தம், சொன்னவருக்கு வேறு அர்த்தம். “நேத்து காலையில எந்திரிச்சதுல இருந்து என்னென்ன செஞ்சீங்க?” என்று கேட்டிருந்தால் தாளில் இடம் பத்தாமல் போயிருக்கும்!

2. கூடவே இருந்து பார்ப்பது

அதனால்தான் மானிடவியலார் ஊரிலேயே போய்த் தங்குகிறார்கள். அந்த மக்களின் மொழியைக் கற்று, நல்லது கெட்டதில் கலந்துகொண்டு, பார்த்ததை அன்றன்றே எழுதிவைக்கிறார்கள். 1915 முதல் 1918 வரை பசிபிக் கடலின் டிரோபிரியாண்ட் தீவுகளில் தங்கி ஆராய்ந்த மலினோவ்ஸ்கி இம்முறைக்குப் பேர் போனவர். நம் நாட்டில் எம்.என்.சீனிவாஸ் 1948-இல் மைசூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் தங்கினார். 1970-இல் அமெரிக்காவில் அவர் இருந்த நிறுவனத்துக்குத் தீ வைக்கப்பட்டபோது, அவருடைய குறிப்புகள் எரிந்துபோயின. பிறகு பெரும்பாலும் நினைவிலிருந்தே எழுதி, 1976-இல் புத்தகம் வெளியிட்டார். கூடவே வாழ்ந்ததால் ஊர் அவர் மனதில் பதிந்திருந்தது!

நம் மாவட்டத்துக்கும் இப்படி ஒருவர் வந்தார். 1991-இல் இங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியதும், பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றதும் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த இயக்கத்தாரோடு பழகி, பாடம் நடக்கும் இடத்திலும், பெண்கள் கையெழுத்துப் போட்டு மனு கொடுக்கும் இடத்திலும் கவனித்து எழுதியவர் பிரான்சிஸ் கோடி. அவர் நூல் 2013-இல் வெளிவந்தது. எத்தனை பேர் எழுதக் கற்றார்கள் என்பதைக் கேள்வித்தாள் சொல்லும். கைநாட்டு வைத்தவர் கையெழுத்துப் போடும்போது அவருக்கு என்ன மாறுகிறது என்பதைப் பக்கத்தில் இருந்தால்தான் பார்க்க முடியும்.

3. வம்சாவளி எழுதுவது

‘மாமா’ என்று நாம் யாரைச் சொல்கிறோம்? அம்மாவின் தம்பியை, அத்தையின் கணவரை, மாமனாரையும்கூட! வெளியாள் குழம்பாமல் என்ன செய்வார்? இதற்கு வழி கண்டவர் ரிவர்ஸ். முறைப்பெயரை விட்டுவிட்டு, “உன்னைப் பெற்றவர் யார்? அவருக்கு எத்தனை பிள்ளைகள்?” என்று படிப்படியாகக் கேட்டு வரைபடம் போட்டார். நீலகிரியில் தோடர்களிடம் இம்முறையில் தகவல் திரட்டி 1906-இல் நூலாக்கினார். இறந்த உறவினர் பெயரைச் சொல்வது தோடர் வழக்கமில்லை. ஆகவே ஒரு குடும்பத்தின் விவரத்தை வேறு ஆட்களிடம் கேட்டு வாங்கினார்.

4. பழைய ஆவணங்கள்

நிக்கோலஸ் டர்க்ஸ் 1987-இல் வெளியிட்ட நூல் முழுவதும் நம் புதுக்கோட்டை சமஸ்தானத்தைப் பற்றியது. கல்வெட்டு, இனாம் நிலப் பதிவேடு, குடும்ப வரலாறு இவற்றைப் படித்ததோடு ஊர்ப் பெரியவர்களையும் கண்டு பேசினார். ராஜா யாருக்கு நிலமும் மரியாதையும் கொடுத்தார் என்று பார்த்து, சாதி அமைப்புக்கும் அரசாட்சிக்கும் உள்ள தொடர்பை விளக்கினார். காகிதம் மட்டும் போதாது. பதிவேட்டில் நிலம் பெற்றவர் பெயர் இருக்கும். அந்த நிலத்தில் உழைத்தவர் பெயர் இருக்காது.

இதில் எது சிறந்த முறை என்று கேட்கலாம். லெவலிங் எடுக்கும்போது ஒரே ரீடிங்கை நம்பி லெவல் புக்கை மூடுகிறோமா? மறுபடி பென்ச் மார்க்குக்கு வந்து சரிபார்க்கிறோம் அல்லவா? அதேபோல்தான். ஒருவர் வாயால் சொன்னதை, கண்ணால் கண்டதோடும் காகிதத்தில் இருப்பதோடும் ஒத்துப் பார்க்கவேண்டும். ஒத்துப்போகாத இடத்தில்தான் உண்மையான விஷயம் இருக்கும்.

இன்னொன்றும் முக்கியம். கல்லையும் மண்ணையும் அளக்க அனுமதி கேட்க வேண்டாம். மனிதரிடம் கேட்கவேண்டும். எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லவேண்டும். “இதை எழுதாதே தம்பி” என்றால் பேனாவை மூடிவிடவேண்டும்.

நண்பர்களே! நம்மில் பலருடைய தாத்தா, அப்பத்தா பேர் பத்திரத்திலும் இல்லை, கல்வெட்டிலும் இல்லை. வெளிநாட்டார் வந்து எழுதியது சந்தோஷம்தான். ஆனால் இந்த ஊர்ப் பேச்சு நமக்குப் பிறவியிலேயே தெரியும். இப்போது எழுத்தும் கைக்கு வந்துவிட்டது. வரும் லீவில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். வீட்டு வம்சாவளி, கண்மாய் மடைகளின் பெயர், யார் யார் என்ன வேலை செய்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள், தேதியும் போடுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொண்டால்தான் உண்டு.