டூ-லெட் போர்டுக்குப் பின்னால்: சிந்தாதிரிப்பேட்டையில் வீடு தேடுவோருக்கு

பிளேஸ்மென்ட் ஆர்டர் கைக்கு வந்த மறுநாள் எல்லா ஃபைனல் இயர் வாட்ஸ்அப் குரூப்பிலும் ஒரே கேள்விதான் ஓடும்: "ரூம் எங்கடா பார்க்கிறது?" வேளச்சேரி, பெருங்குடி, துரைப்பாக்கம் என்று ஆளுக்கொரு பதில் வரும். சிந்தாதிரிப்பேட்டை என்று யாரும் சொல்ல மாட்டாங்க. ஆனால் நமக்கு ரொம்பப் பழக்கமான ரிச்சி தெருவிலிருந்து நடந்தே போகலாம். சென்ட்ரலும் நடக்கிற தூரம்தான். பறக்கும் ரயிலில் ஏறினால் சுமார் அரை மணியில் தரமணி. அண்ணா சாலைப் பக்கம் வந்தால் 2019-ல் திறந்த அரசினர் தோட்டம் மெட்ரோ ஸ்டேஷன். ஊருக்கு நடுவில் இருந்துகொண்டு ஐ.டி. காரிடாரில் வேலை பார்க்க நினைப்பவர்கள் ஒரு முறை சுற்றிப் பார்க்க வேண்டிய பேட்டை இது.

சென்னையின் பழைய பகுதி எதிலும் வாடகைக்குப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியதை இந்த ஒரு பேட்டையை வைத்தே சொல்லிவிடலாம். ஏனென்றால் "இங்கே யார் குடியிருக்கலாம்?" என்ற கேள்வியோடுதான் இந்த ஊரே பிறந்தது.

1734: முதல் டூ-லெட் போர்டு

கோட்டையில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அப்போது தேவைப்பட்டது பருத்தித் துணி. நெசவாளர்கள் தூரத்து ஊர்களில் இருந்தார்கள். அவர்களைப் பக்கத்திலேயே குடிவைத்தால் வேலை சுலபம். ஜார்ஜ் மார்ட்டன் பிட் கவர்னராக இருந்த 1734-ல், கூவம் ஆறு வளைந்து ஓடும் இடத்தில், சுங்குராமா என்ற பெருவணிகரின் தோட்டமாக இருந்த நிலத்தில் ஒரு நெசவாளர் ஊரை உருவாக்கினார்கள். 'சின்ன தறிப் பேட்டை' என்பதே மருவிச் சிந்தாதிரிப்பேட்டை ஆனது என்று சொல்வார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது இரண்டு விஷயம். ஒன்று, அட்வான்ஸ் அன்றைக்கு எதிர்த்திசையில் போனது. குடிவரும் நெசவாளர்களுக்குப் பணம் கொடுத்து வரவழைத்தார்கள். இன்று நாம்தான் கொடுக்கிறோம். இரண்டு, யார் குடியிருக்கலாம் என்று ஒரு பட்டியல் இருந்தது. நூல் நூற்பவர், நெய்பவர், துணியில் சித்திரம் தீட்டுபவர், வெளுப்பவர், சாயம் போடுபவர், இவர்களோடு கோயிலைச் சேர்ந்தவர்கள். மற்றவர்களுக்கு இடமில்லை.

இப்போது போய்ப் பாருங்க. ஆதிகேசவப் பெருமாள் கோயிலும் ஆதிபுரீஸ்வரர் கோயிலும் இன்றும் அடுத்தடுத்து இருக்கின்றன. ஆனால் தறிச் சத்தம் இல்லை. அச்சகம், பட்டறை, மீன் மார்க்கெட், சீயோன் சர்ச், பறக்கும் ரயில் என்று பட்டியலில் இல்லாத எல்லாமே வந்து குடியேறிவிட்டது. யார் வரலாம் என்று எழுதிய விதியை அந்த ஊரே காலப்போக்கில் தூக்கிப் போட்டுவிட்டது.

இன்றைய பட்டியல்

பட்டியல் போடும் பழக்கம் மட்டும் போகவில்லை. "பேச்சுலர்ஸுக்கு இல்லை", "வெஜிடேரியன் மட்டும்", "ஃபேமிலி ஒன்லி". போர்டில் இல்லாத கேள்விகள் வாசலில் வரும். "சொந்த ஊர் எது?", "அங்கே எந்தத் தெரு?", "அப்பா என்ன பண்றார்?", "முழுப் பேர் என்னப்பா?" இந்தக் கேள்விகள் எதைத் தேடுகின்றன என்று உங்களுக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். மீன் மார்க்கெட் இருக்கிற பேட்டையிலேயே 'அசைவம் சமைக்கக் கூடாது' என்று சொல்லும் வீட்டைப் பார்த்தாலும் ஆச்சரியப்படாதீங்க.

சட்டம் இதைத் தடுக்காதா? சாதி, மதத்தின் பெயரால் அரசு பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 15-வது பிரிவு. தனி ஒருவர் தன் வீட்டை யாருக்குக் கொடுக்கிறார் என்பதற்குள் அது அவ்வளவு எளிதாக நுழைவதில்லை. அகமதாபாத்தில் பார்சிகளுக்கு மட்டுமான ஒரு வீட்டுவசதி சங்கத்தின் விதி செல்லும் என்று 2005-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அதனால் "கேஸ் போட்டுடுவேன்" என்று வாசலில் நின்று சத்தம் போட்டுப் பயனில்லை.

நம் கையில் இருப்பது வேறு. நாலு பேர் சேர்ந்து வீடு தேடும்போது, 'ஓனருக்குப் பிடிக்கிற மாதிரி' இருக்கும் ஒருத்தனை மட்டும் முன்னால் அனுப்பிவிட்டு மற்றவர்கள் பின்னால் வந்து ஒட்டிக்கொள்வது நடக்கிற கதைதான். அன்றைக்கு வேலை முடியும். ஆனால் அந்த வீட்டில் இருக்கிற நாள் பூராவும் ஒருத்தன் பேரை மாற்றிச் சொல்லணும், ஒருத்தன் முட்டைத் தோலைப் பேப்பரில் சுற்றிக் கொண்டுபோய்ப் போடணும். நாலு பேரும் சேர்ந்தே போங்க. ஒருத்தருக்கு இல்லை என்றால் நாலு பேருக்கும் வேண்டாம் என்று முதலிலேயே பேசி வைங்க. அடுத்த தெருவில் வீடு இருக்கும்.

பழைய வீட்டைப் படிப்பது

இந்தப் பக்கம் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி, குறுகலாக, நீளமாக இருக்கும். ஒரே வாசலுக்குள் மூன்று நான்கு போர்ஷன். நாலு வருஷம் படித்ததை இங்கே கொஞ்சம் பயன்படுத்தலாம்.

கூரையை அண்ணாந்து பாருங்க. மரச்சட்டங்கள் வரிசையாக ஓடி, அவற்றின்மேல் செங்கற்கள் நிறுத்தி வைத்துச் சுண்ணாம்பில் அடுக்கப்பட்டிருந்தால் அது மெட்ராஸ் டெரஸ். கோடையில் கான்கிரீட் கூரையை விடச் சில்லென்று இருக்கும். ஆனால் மரத்தில் கரையான் இருக்கலாம். சட்டம் சுவருக்குள் நுழையும் இடத்தில் மண் கோடு தெரிகிறதா, தட்டினால் உள்ளே கூடு மாதிரி சத்தம் வருகிறதா பாருங்க. நாம் பெரும்பாலும் ஜூன், ஜூலையில்தான் வீடு பார்ப்போம். ஒழுகுவது அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை வரும் வடகிழக்குப் பருவமழையில்தான் தெரியும். புது வெள்ளைக்குக் கீழே மஞ்சள் வட்டம் இருந்தால் நேராகக் கேட்டுடுங்க.

போர் தண்ணீரை ஒரு பக்கெட்டில் பிடித்துக் கொஞ்ச நேரம் அப்படியே வைங்க. மஞ்சளாக அடியில் படிந்தால் இரும்பு அதிகம். வெள்ளைச் சட்டைக்கு ஆபத்து! மெட்ரோ வாட்டர் எத்தனை மணிக்கு வரும், சம்ப் பொதுவா, மோட்டார் போடுவது யார் என்று கேளுங்க. இதை ஓனரிடம் கேட்பதை விடப் பக்கத்துப் போர்ஷன் அக்காவிடம் கேட்டால் சரியான பதில் கிடைக்கும். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வற்றியபோது அந்த வீட்டில் எப்படிச் சமாளித்தார்கள் என்று ஒரு கேள்வி போடுங்க. வரும் பதிலில் அந்தத் தெருவின் தண்ணீர்க் கதை முழுக்கத் தெரிந்துவிடும்.

ஈ.பி. மீட்டர் உங்கள் போர்ஷனுக்குத் தனியாக இருக்கிறதா? தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் யூனிட் கூடக்கூட ரேட்டும் கூடும். மூன்று போர்ஷன் ஒரே மீட்டரில் இருந்தால் எல்லோருடைய யூனிட்டும் ஒன்றாகச் சேர்ந்து மேல் ரேட்டுக்குப் போய்விடும். சப்-மீட்டர் வைத்து 'யூனிட்டுக்கு இவ்வளவு' என்று வாங்கும் வீட்டில் அந்த ரேட்டைக் கேட்டு, பழைய பில் ஒன்றையும் வாங்கிப் பாருங்க. பழைய ஒயரிங்கில் எர்த் இல்லாமலே மூன்று ஓட்டை பிளக் வைத்திருப்பார்கள். ஹீட்டர் போடுவதற்கு முன் ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காட்டுங்க.

பகலில் ஒரு தடவை, இரவு ஒன்பது மணிக்கு ஒரு தடவை போய்ப் பார்ப்பது நல்லது. கூவம் வாசனையும் கொசுவும் பகல் விசிட்டில் தெரியாது.

அட்வான்ஸ் கணக்கு

தமிழ்நாட்டில் 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-ல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. பேர் நீளம்: 'நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம்'. அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது. ஆனால் கூடவே ஒரு வார்த்தை இருக்கு: ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அது செல்லும். பத்து மாத அட்வான்ஸ் சென்னையில் இன்னும் ஓடுவது இந்த ஓட்டை வழியாகத்தான்.

உதாரணத்துக்கு வாடகை 12,000 என்று வைங்க. மூன்று மாதம் என்றால் 36,000, நாலு பேருக்குத் தலைக்கு 9,000. பத்து மாதம் என்றால் 1,20,000, தலைக்கு 30,000. முதல் சம்பளம் வருவதற்கு முன் 30,000 என்பது பல வீடுகளில் அம்மாவின் செயின். அதனால் "சட்டப்படி மூணு மாசம்தானே சார், அஞ்சு மாசமா வெச்சுக்கலாமா?" என்று கேட்பதில் வெட்கமே வேண்டாம். குறைப்பவர்கள் இருக்கிறார்கள்.

காலி செய்யும்போது 'பெயின்டிங் சார்ஜ்' என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பது வழக்கம். சட்டத்தின் அட்டவணைப்படி வெள்ளையடிப்பது, குழாய் மாற்றுவது, முக்கிய ஒயரிங் எல்லாம் ஓனர் பொறுப்பு. டேப் வாஷர், சுவிட்ச், பூட்டு, அடைப்பு எடுப்பது நம் பொறுப்பு. இதுவும் ஒப்பந்தத்தில் மாற்றி எழுதாத வரைக்கும்தான். ஆக, நீங்கள் கையெழுத்துப் போடும் அந்த இரண்டு பக்கம்தான் முக்கியம். செமஸ்டர் கொஸ்டின் பேப்பர் மாதிரி வரி வரியாகப் படிங்க.

தாள் ஏன் முக்கியம்?

"நம்ம பசங்கதானே, அக்ரிமென்ட் எதுக்கு?" என்று அன்பாகச் சொல்லும் ஓனரும் உண்டு. 11 மாத அக்ரிமென்ட் போதும் என்பாரும் உண்டு. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்கிற 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டத்தைத் தவிர்க்க வந்த வழக்கம் அந்த 11 மாதம். புதுச் சட்டத்தில் அந்தச் சாக்கு செல்லாது. எத்தனை மாதமானாலும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை ஆணையத்தில் பதிவும் செய்ய வேண்டும். அதற்கு அரசின் இணையதளம் இருக்கு. பதிவு இல்லாவிட்டால், தகராறு வரும் நாளில் அந்தத் தாளைக் காட்டிப் பேசுவது கஷ்டம். பதிவு இருந்தால், தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தி உங்களைத் துரத்த முடியாது. 24 மணி நேரம் முன்பு எழுத்தில் சொல்லாமல் ஓனர் உள்ளே வரக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போக அட்வான்ஸ் திரும்பணும்.

தாள் இல்லாதவர்களுக்கு என்ன ஆகும் என்பதற்கு இந்த ஆறே சாட்சி. கூவம் சீரமைப்புக்காகக் கரையோரம் பல வருஷம் குடியிருந்த குடும்பங்களை இருபது கிலோமீட்டருக்கும் அப்பால் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். நம்மைப் போல நேற்று வந்தவர்கள் இல்லை அவர்கள். வேலையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் இங்கே, வீடு மட்டும் அங்கே. எத்தனை வருஷம் இருந்தோம் என்பதை விட, கையில் என்ன தாள் இருக்கிறது என்றுதான் இந்த நகரம் கேட்கிறது.

பழைய பேட்டைகளில் இன்னொரு விஷயமும் உண்டு. கட்டடம் ஓனருடையது, மனை கோயிலுக்கோ டிரஸ்டுக்கோ சொந்தம் என்று இருக்கலாம். சொத்து வரி ரசீது யார் பேரில் என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்க. கொடுப்பதையும் பேங்க் மூலமாகவே கொடுங்க.

குடியேறிய முதல் மாதம்

சாவி வாங்கிய அன்றே சுவர், தரை, டேப், மீட்டர் ரீடிங் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து ஓனருக்கும் அனுப்பிடுங்க. காலி செய்யும் நாளில் அதுதான் உங்கள் பக்கம் பேசும். சமையலுக்கு, முகவரிச் சான்று இல்லாமலே அடையாள அட்டையைக் காட்டி வாங்கும் 5 கிலோ சிலிண்டர் போதும். போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொடுக்க விவரப் படிவம் ஓனர் கேட்டால் பயப்பட வேண்டாம், அது வழக்கமான நடைமுறை.

பிறகு தெருவுக்கு வாங்க. காலையில் மீன் மார்க்கெட் வரை ஒரு நடை. சாயங்காலம், ஒரு காலத்தில் நேப்பியர் பார்க் என்று அழைத்த மே தினப் பூங்கா. இஸ்திரி போடும் அண்ணன், தண்ணி கேன் போடுபவர், மூலைக்கடை பாய் இவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழகிக்கோங்க. அடுத்த வீடு காலியாகும் செய்தி புரோக்கருக்கு முன்னால் இவர்களுக்குத்தான் தெரியும். ஒரு மாத வாடகை புரோக்கர் கமிஷன் மிச்சம்.

நீங்க காலி செய்யும்போது ஜூனியர்களுக்கு ஒரு லிஸ்ட் விட்டுட்டுப் போங்க. எந்தத் தெருவில் எந்த வீடு, எவ்வளவு வாடகை, அட்வான்ஸ் முழுசாகத் திரும்பியதா, தண்ணீர் எப்படி. கூடவே இன்னொரு காலம் சேருங்க: யாரைச் சேர்த்துக்கொண்டார்கள், யாரை வேண்டாம் என்றார்கள். அடுத்த வருஷம் முதல் வேலைக்கு வரும் ஒரு பையனோ பொண்ணோ, வாசலில் நின்று முழுப் பேரைச் சொல்லத் தயங்காமல் தட்டக்கூடிய கதவு எது என்று அந்த லிஸ்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.