பொக்கைப் பல் சக்கரம்

சாயங்காலம் நாலரை மணி. ஸ்கூட்டருக்குப் பஞ்சர் ஒட்ட மெக்கானிக் ஷெட்டில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பள்ளி வேனைப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"மூணு நாளா இதே கூத்துண்ணே," என்றார் டிரைவர். "காலையில ஒரே திருப்புல ஸ்டார்ட் ஆகுது. சூடானா நின்னுடுது. அரை மணி நேரம் விட்டா, ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுது."

மெக்கானிக் அண்ணன் ஸ்பானரை எடுக்கவில்லை. "சாவியைத் திருப்பு" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த மீட்டரையே பார்த்தார். 'கிர்ர்... கிர்ர்...' என்று இன்ஜின் சுற்றியது. பிடிக்கவில்லை. இன்ஜின் வேகத்தைக் காட்டும் ஆர்.பி.எம். முள் சுழியை விட்டு அசையவே இல்லை.

"இன்ஜின் சுத்துது. ஆனா அது சுத்துறது கம்ப்யூட்டருக்குத் தெரியல!"

"வேன்ல கம்ப்யூட்டரா?" என்று சிரித்தாள் டிரைவரின் மகள். இரண்டாம் வகுப்பு. முன் பல் இரண்டும் விழுந்திருந்தன.

அண்ணனும் சிரித்தார். "உன் வாய் மாதிரியே ஒரு சக்கரம் இந்த இன்ஜின்ல இருக்கு பாப்பா. ரெண்டு பல்லு கிடையாது!"

வேடிக்கைக்குச் சொன்னதல்ல, நிஜம்.

பெட்ரோல் இன்ஜினில் தீப்பொறிதான் எரிபொருளைப் பற்ற வைக்கிறது. பேட்டரி தருவது 12 வோல்ட். அதை இக்னிஷன் காயில் 20,000 வோல்ட்டுக்கும் மேலே ஏற்றி ஸ்பார்க் பிளக்குக்கு அனுப்புகிறது. பொறி வந்தால் மட்டும் போதாது, நேரத்துக்கு வர வேண்டும். ஊஞ்சல் தள்ளியிருக்கிறீர்களா? உச்சிக்குப் போய்த் திரும்பும்போது தள்ளினால் உயரப் பறக்கும். வருகிற வழியில் தள்ளினால் நமக்குத்தான் அடி விழும். இன்ஜினுக்குள் மேலும் கீழும் போய்வரும் பிஸ்டனும் அப்படித்தான்.

இன்ஜின் நிமிடத்துக்கு 3000 தடவை சுற்றினால், நொடிக்கு 50 சுற்று. நான்கு சிலிண்டர் இன்ஜினுக்கு நொடிக்கு 100 பொறி வேண்டும். ஒவ்வொரு பொறிக்கும் பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று யார் பார்த்துச் சொல்வது?

அதற்குத்தான் பொக்கைப் பல் சக்கரம். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டோடு சேர்ந்து அதுவும் சுற்றும். அந்த வேனின் சக்கரத்தில் 60 பல்லுக்கு இடம் உண்டு, இருப்பதோ 58. பக்கத்தில், ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, கட்டைவிரல் அளவில் ஒரு சென்சார். அதனுள்ளே ஒரு காந்தம், அதைச் சுற்றி முடி போன்ற மெல்லிய செம்புக் கம்பிச் சுருள். இரும்புப் பல் ஒவ்வொன்றும் கடக்கும்போது காந்தப்புலம் கொஞ்சம் அசையும். அசையும் காந்தப்புலம் கம்பிச் சுருளில் மின்சாரத்தை உண்டாக்கும். 1831-ல் லண்டனில் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்த விதி இது. சைக்கிள் டைனமோவில் விளக்கு எரிவதும் இதே விதியால்தான்.

டிக், டிக், டிக் என்று கம்ப்யூட்டர் எண்ணிக்கொண்டே வரும். ஒரு பல்லுக்கு 6 டிகிரி. திடீரென்று இரண்டு டிக் வராது. 'ஓ, பொக்கை வந்துவிட்டது! பிஸ்டன் இங்கே இருக்கிறது' என்று அது புரிந்துகொள்ளும். எல்லாப் பல்லும் ஒழுங்காக இருந்திருந்தால், சுற்று எங்கே தொடங்கியது என்றே தெரிந்திருக்காது. இல்லாத பல்தான் இங்கே அடையாளம்.

அண்ணன் ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த 16 முனை சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினார். திரையில் 'பி0335' என்று வந்தது. கிராங்க் சென்சாரின் மின்சுற்றில் கோளாறு என்று அர்த்தம்.

"அப்போ சென்சாரை மாத்திடலாமா?" என்றார் டிரைவர்.

"அவசரப்படாதே. இது தெருப் பேரைத்தான் சொல்லுது, வீட்டு நம்பரைச் சொல்லல."

மின்சுற்று என்பது பூமாலை மாதிரி. நார் எங்கே அறுந்தாலும் மாலை போச்சு. சென்சார், சாக்கெட், ஒயர், கம்ப்யூட்டர் என எதில் அறுந்தாலும் அதே எண்தான் வரும். அண்ணன் சென்சாரின் சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தார். பச்சைக் களிம்பு இல்லை. ஒயரின் இரு முனையிலும் மல்டிமீட்டரை வைத்தார். 'கீச்' என்று கத்தியது. ஒயரை ஆட்டி ஆட்டிப் பார்த்தார், கீச்சு நிற்கவில்லை. ஒயர் நல்ல பிள்ளை.

அடுத்தது சென்சார். இன்ஜின் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. மல்டிமீட்டரை அதில் வைத்தார். திரையின் ஓரத்தில் வெறும் '1' மட்டும் நின்றது. மின்சாரம் போக வழியே இல்லை என்று பொருள். டீ குடித்துவிட்டு வந்து மறுபடி வைத்தால், சுமார் 900 ஓம் மின்தடை, வழி திறந்துவிட்டது! சென்சாரைக் கழற்றிச் சுடுகாற்று காட்டினார். மறுபடியும் '1'.

கள்ளன் அகப்பட்டான். உள்ளே செம்புக் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. ஆறியிருக்கும்போது இரண்டு நுனியும் ஒட்டிக்கொண்டு நிற்கும். சூட்டில் எல்லாம் விரிய, நுனிகள் விலகிவிடும். சேதி நின்றதும் கம்ப்யூட்டர் பொறியை நிறுத்திவிடும். காலையில் ஓடி, மாலையில் நின்றதன் ரகசியம் இவ்வளவுதான்.

இந்தச் சென்சாருக்கு இரண்டு கம்பி. சில வண்டிகளில் மூன்று கம்பியுள்ள 'ஹால்' வகை இருக்கும். எட்வின் ஹால் 1879-ல் கண்ட விளைவில் அது வேலை செய்கிறது. அதைச் சோதிக்கும் முறை வேறு.

புது சென்சார் மாட்டியதும் முள் துள்ளியது, வேன் உறுமியது. பழையதைப் பாப்பா கேட்டு வாங்கிக்கொண்டாள். தலைமுடிப் பின்னை அருகில் கொண்டுபோனாள். 'டக்' என்று ஒட்டியது. செம்புக் கம்பி அறுந்தாலும் காந்தம் காந்தம்தானே!

செய்து பாருங்கள்: கெட்டி அட்டையில் வட்டம் வெட்டி, விளிம்பில் 20 பல் வெட்டுங்கள். அடுத்தடுத்த இரண்டு பல்லை நறுக்கிவிடுங்கள். நடுவில் பென்சிலைச் செருகுங்கள். பல்லில் உரசும்படி ஒரு சீட்டைப் பிடித்துக்கொண்டு, நண்பரைச் சுழற்றச் சொல்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேளுங்கள். எத்தனை சுற்று என்று சொல்ல முடிகிறதா? அப்படியானால் இப்போது நீங்கள்தான் அந்த வேனின் கம்ப்யூட்டர்.