மணிக்கட்டில் ஒரு பச்சை ஒளி

அரூரை அடுத்த தீர்த்தமலையில் படியேறிச் செல்கையில், இருதயத் துடிப்பையும் நடையையும் எண்ணும் என் மணிக்கட்டுப் பட்டையின் அடியில் துடித்த பச்சை ஒளியைக் காணுந்தோறும், நம் நாட்டு வைத்தியர் மூன்று விரல் வைத்து நாடி பார்க்கும் காட்சியே நினைவில் எழுந்தது. விரல் தேடுவது துடிப்பை. ஒளி தேடுவதோ ரத்தத்தின் ஏற்றத்தாழ்வை. ரத்தத்திலுள்ள செந்நிறப் பொருள் பச்சை ஒளியை மிகுதியாகக் கிரகிக்கும் சுபாவம் உடையதாகையால், இருதயம் சுருங்கி ரத்தத்தைச் செலுத்தும் ஒவ்வொரு முறையும் தோலிலிருந்து திரும்பும் ஒளி சற்றே குறைந்து, பின்னர் மிகுகிறது. அதை எண்ணியே நிமிஷத்துக்கு இத்தனை துடிப்பு என்று பட்டை சொல்கிறது. தளர்வாகக் கட்டினால் வெயிலும் கையசைவும் உட்புகுந்து கணக்கைக் கெடுத்துவிடும். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரற்கடை மேலே, பொருந்தக் கட்டுவதே உசிதம்.

அடிகளை எண்ணுவது வேறொரு சூட்சுமம். பட்டை காலை அறியாது. கையின் வீச்சையே அறியும். எனக்கு முன்னே, தலைச்சுமையைக் கையால் பிடித்தபடி ஏறிய ஓர் அம்மாள் அந்தக் கையில் இதைக் கட்டியிருந்தால், அவர் சிரமப்பட்டு வைத்த அடிகளில் பல கணக்கில் வராமலே போயிருக்கும். நாள்தோறும் 10,000 அடி என்னும் விதிகூட வைத்திய சாஸ்திரத்தில் பிறந்ததன்று; 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடிமானியின் பெயரிலிருந்து பரவியது.

பட்டை துடிப்பை எண்ணுமேயன்றி, இருதய ரத்தக் குழாயின் அடைப்பை அறியாது. ஆகவே படியேறும்போது நெஞ்சில் வலியோ மூச்சுத் திணறலோ கண்டால், அதில் தெரியும் எண் எதுவாயினும், உடனே உட்கார்ந்து 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.