மாஜினி பிறந்த கடற்கரை

இத்தாலி தேசத்துக்குப் பிரயாணம் செய்கிறவர்களில் பெரும்பாலோர் ரோமாபுரியையும் வெனிஸ் நகரத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அத்தேசத்தின் வடமேற்கு மூலையிலே, மலைக்கும் கடலுக்கும் இடையே அரிவாளைப்போல் வளைந்து கிடக்கிறது லிகூரியா மாகாணம். அங்கே போகிறவர்களும் கடற்காற்று வாங்கப் போகிறார்களேயன்றிச் சரித்திரம் தேடிப் போவதில்லை.

நான் போனதற்கு வேறு காரணம் உண்டு. இருபது வருஷமாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இத்தாலியின் ஐக்கியத்தைப் போதித்து வருகிறேன். மாஜினி ஆன்மா, கரிபால்டி வாள், கவூர் மூளை என்று எழுதினால் ஐந்து மார்க்கு கிடைத்துவிடும். பாரதியார் எந்த மாஜினியின் பிரதிக்கினையைத் தமிழ்க் கவிதையாக்கித் தந்தாரோ, அந்த மாஜினி என் வகுப்பில் ஐந்து மார்க்கு விடையாகச் சுருங்கிவிட்டாரே என்ற வருத்தம் எனக்கு நெடுநாளாக உண்டு. அவரை அவர் பிறந்த மண்ணிலே ஒருமுறை தேடிப் பார்க்க விரும்பினேன்.

ஸவோனாவின் சிறை

முதலில் இறங்கிய ஊர் ஸவோனா. கடலோரத்துப் பாறைமேல் பிரியாமார் என்னும் பெருங்கோட்டை நிற்கிறது. இதைக் கட்டியவர்கள் கடல் கடந்து வந்த அந்நியர் அல்லர். பக்கத்து ஊராகிய ஜெனோவாவின் ஜனங்களே. 1528-ல் ஸவோனாவை அடக்கி, தங்கள் வியாபாரத்துக்குப் போட்டியாயிருந்த அதன் துறைமுகத்தைத் தூர்த்தார்கள். பிறகு 1542-ல், பழைய தேவாலயம் இருந்த இடத்திலேயே இக்கோட்டையை எழுப்பத் தொடங்கினார்கள். அண்டை ஊரை அண்டை ஊரே அழித்த அந்த மண்ணில் ஒற்றுமையின் அவசியத்தை விளக்க வேறு பாடபுத்தகம் வேண்டியதில்லை.

இரகசிய சங்கத்தில் சேர்ந்த குற்றத்துக்காக, இருபத்தைந்து வயது மாஜினி 1830-ல் இங்கே அடைக்கப்பட்டார். வைத்தியராகிய அவர் தந்தை, மகன் செய்த குற்றம் என்னவென்று கவர்னரிடம் கேட்டாராம். உம் மகன் இரவில் தனியே உலாவி ஏதோ யோசிக்கிறான். அந்த யோசனை இன்னதென்று சர்க்காருக்குத் தெரியவில்லை. அப்படிப்பட்ட வாலிபர்களைச் சர்க்காருக்குப் பிடிக்காது என்று பதில் வந்ததாம்!

அறையிலிருந்து அவருக்குத் தெரிந்தவை வானமும் கடலுமே. கையில் மூன்று புத்தகங்கள்: பைபிள், டாசிடஸின் சரித்திரம், பைரனின் கவிதை. துணைக்கு ஒரு சிறு குருவி. இவ்வளவு வறிய இடத்தில்தான் 'இளைய இத்தாலி' என்னும் சங்கத்தின் எண்ணம் உதித்தது. விடுதலையாகி நாடு கடந்து சென்றவர், 1831-ல் மார்ஸேல்ஸ் நகரில் அதை ஸ்தாபித்தார்.

ஜெனோவாவில் ஒரு வீடும் ஒரு கல்லறையும்

ஸவோனாவிலிருந்து ரயில் சுரங்கங்களில் நுழைந்து நுழைந்து ஜெனோவாவை அடைகிறது. பழைய நகரத்தின் சந்துகளில் வெயில் எட்டிப் பார்ப்பதே அரிது. அப்படிப்பட்ட ஒரு சந்தில் 1805-ல் மாஜினி பிறந்த வீடு இன்று காட்சிசாலையாக இருக்கிறது. அங்கே அவர் வாசித்த கிடார் வாத்தியத்தைக் கண்டேன். புரட்சிக்காரர் என்றே அறிந்திருந்தவரை, வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்ட ஒரு வாலிபராக நினைத்துப் பார்க்க நெஞ்சு இளகிற்று.

சற்றுத் தூரத்தில் பழைய அரண்மனையின் கோபுரம் நிற்கிறது. அவருடைய பால்ய நண்பர் ஜாக்கபோ ரூபினி 1833-ல் அங்கே சிறைப்பட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தத் துக்கம் மாஜினியைக் கடைசிவரை விடவில்லை.

ஊருக்கு வெளியே ஸ்டாலியேனோ மயானத்தில், மலைச்சரிவில் குடைந்த குகைபோல் இருக்கிறது அவர் கல்லறை. பருத்த இரண்டு தூண்களுக்கு மேலே பெயர் மட்டும் பொறித்திருக்கிறது. இத்தாலி 1861-ல் ராஜ்யமாயிற்று. ஆனால் அவர் வேண்டியது குடியரசு. 1872-ல் பைஸா நகரில், நண்பர் வீட்டில், பிரௌன் என்ற பொய்ப் பெயருடன் அவர் கண்மூடினார். குடியரசு வேண்டுமென்று இத்தாலிய ஜனங்கள் வாக்களித்தது 1946 ஜூன் 2-ஆம் தேதி. அதாவது, எழுபத்துநான்கு வருஷத்துக்குப் பிறகு! தென்னை வைத்தவன் தின்று சாவான், பனை வைத்தவன் பார்த்துச் சாவான் என்பார்கள். மாஜினி வைத்த பனையை அவர் பார்க்கவும் இல்லை.

ஆயிரவர் ஏறிய பாறை

நகரத்தின் கிழக்கே குவார்ட்டோ என்னும் சிறு கடற்கரை. 1860 மே 5-ஆம் தேதி இரவு கரிபால்டியும் ஆயிரத்துச் சொச்சம் தொண்டர்களும் இங்கிருந்து இரண்டு நீராவிக் கப்பல்களில் ஸிஸிலித் தீவுக்குப் புறப்பட்டார்கள். அவர்களில் வக்கீல்கள், வைத்தியர்கள், மாணவர்கள், கைத்தொழிலாளர்கள் இருந்தார்கள். ரோஸாலியா மான்மஸ்ஸோன் என்ற ஒரே ஒரு பெண்மணியும் இருந்தார். செப்டம்பர் 7-ஆம் தேதி நேப்பிள்ஸ் நகரம் அவர்கள் கைக்கு வந்துவிட்டது. பாறைமேல் இன்று ஒரு ஸ்தம்பம் நிற்கிறது. நான் போன மாலையில் அதன் கீழே சிறுவர்கள் கடலில் குதித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அதுவும் பொருத்தமாகவே தோன்றிற்று.

ஐந்து ஊர்களின் சுவர்

மறுநாள் கிழக்கே சென்று 'ஐந்து ஊர்கள்' எனப்படும் சிங்க்வே தெர்ரேயைக் கண்டேன். செங்குத்தான மலையைப் படிப்படியாக வெட்டி, சாந்தும் சுண்ணாம்பும் இன்றிக் கல்மேல் கல் அடுக்கிச் சுவரெழுப்பி, திராட்சை பயிரிட்டிருக்கிறார்கள். எத்தனையோ தலைமுறைகளின் உழைப்பு அது. வாலிபர்கள் வேறு பிழைப்புத் தேடிச் செல்லவே, பல சுவர்கள் கவனிப்பாரற்றுச் சரிந்தன. 2011 அக்டோபர் 25-ஆம் தேதி பெய்த பேய் மழையில் மலைச் சேறு இறங்கி வெர்னாஸ்ஸா, மான்டெரோஸ்ஸோ என்ற இரண்டு ஊர்களின் தெருக்களை மூடிற்று, உயிர்களும் போயின.

ஒரு கிழவர் சரிந்த சுவரைச் சீர்செய்துகொண்டிருந்தார். "இதைக் கட்டியவர் யார், ஐயா?" என்று தட்டுத்தடுமாறி அவர் மொழியில் கேட்டேன். கையை விரித்துச் சிரித்தார். "யாருக்குத் தெரியும்? என் பாட்டனார் சீர்செய்தார், தகப்பனார் சீர்செய்தார், இப்போது நான்" என்று சொல்லிவிட்டு அடுத்த கல்லை எடுத்தார்.

ஊர் திரும்பிய பிறகு வகுப்பில் அந்தப் பாடம் மறுபடியும் வந்தது. ஆன்மா, வாள், மூளை என்ற விடையை நான் எழுதிப்போடவில்லை. அந்தக் கிழவரின் சுவரைப்பற்றிச் சொன்னேன். "மாஜினி கட்டியதை இப்போது யார், ஸார், சீர்செய்கிறார்கள்?" என்று ஒரு பையன் கேட்டான். அந்தக் கேள்விக்கு எத்தனை மார்க்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம்.